பழைய கால்பந்து வீரர்களின் மறதிநோய்க்குத் தலையால் முட்டிய பந்துதான் காரணமா?

கேள்வி: காவேரிப்பட்டணத்தான்

அனைவருக்கும் வணக்கம். என் தந்தைக்கு இப்போது 73 வயது. பெங்களூருவில் ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்குச் சேர்ந்து, அந்நிறுவனத்தின் கால்பந்து அணியில் 1971 முதல் 1985 வரை ‘ஸ்டாப்பர் பேக்’ எனப்படும் நடுப் பின்காவல் இடத்தில் ஆடியவர். பணி ஓய்வுக்குப் பிறகு கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணத்துக்கு அருகில் இருக்கும் எங்கள் பூர்வீக நிலத்தில் மாந்தோப்பைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாகத்தான் இருந்தார். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, தானே ஒட்டுக்கட்டி வளர்த்த மரங்களில் எது செந்தூரா, எது பெங்களூரா என்று தடுமாறத் தொடங்கினார். பிறகு மண்டிக்காரரிடம் ஒரே சுமைக்கு இரண்டு முறை பணம் கேட்டுச் சண்டையிட்டார். அதற்கு முன் அவர் யாரிடமும் குரல் உயர்த்தி நாங்கள் பார்த்ததில்லை. சென்ற மாதம் கே.ஆர்.பி. அணைக்குப் போகும் சாலையில், சிறு வயதிலிருந்து பழகிய வழியிலேயே, திசை தெரியாமல் நின்றவரைப் பால் வண்டிக்காரர் ஒருவர் அடையாளம் கண்டு வீட்டில் கொண்டுவந்து விட்டார்.

உறவினர்கள் ஆளுக்கு ஒரு காரணம் சொல்கிறார்கள். நம் மாவட்டத்து ஆழ்துளைக் கிணற்று நீரில் இருக்கும் ஃபுளோரைடுதான் மூளையைக் கெடுத்துவிட்டது என்பது சித்தப்பாவின் முடிவு. வயதும் சர்க்கரை நோயும் சேர்ந்தால் இப்படித்தான் ஆகும் என்கிறார் அக்கா. அப்பாவோடு ஆடிய நண்பர் ஒருவர் மட்டும், “உன் அப்பன் தலையில் வாங்கிய பந்துக்குக் கணக்கே கிடையாது” என்று சொல்லிவிட்டு அமைதியாகிவிட்டார். அந்த ஒரு வாக்கியம் என்னைத் தூங்கவிடவில்லை. ஏனென்றால், ஆறாம் வகுப்பில் படிக்கும் என் மகனும் பள்ளி அணியில் பின்காவல் வீரனாக ஆடுகிறான். பயிற்சியாளர் தினமும் தலையால் முட்டப் பழக்குகிறார். உண்மையில் காரணம் என்ன என்பதையும், அப்பாவுக்கு நாங்கள் இப்போது என்ன செய்ய வேண்டும் என்பதையும் விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: ஓய்வுபெற்ற உடலியங்கியல் ஆசிரியர், தருமபுரி

தங்கள் தந்தையின் நண்பர் சொன்னதை வெறும் ஊகம் என்று ஒதுக்கிவிட முடியாது. இதைப் பற்றி உலகம் கொஞ்சம் தாமதமாகத்தான் கண்விழித்தது. குத்துச்சண்டை வீரர்கள் முதுமையில் தள்ளாடுவதையும் நினைவு மங்குவதையும் 1928லேயே ஹாரிசன் மார்ட்லண்ட் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதிவிட்டார். கால்பந்தில் அந்தக் கேள்வி பொதுவெளிக்கு வந்தது 2002இல், வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன் அணியின் முன்கள வீரர் ஜெஃப் ஆஸ்ல் தமது 59ஆம் வயதில் இறந்தபோதுதான். பந்தை மீண்டும் மீண்டும் தலையால் முட்டியதால் விளைந்த தொழில்சார் நோயே அவருடைய மரணத்துக்குக் காரணம் என்று இங்கிலாந்தின் மரண விசாரணை அதிகாரி அன்று தீர்ப்பளித்தார். 2014இல் கிளாஸ்கோவைச் சேர்ந்த நரம்பு நோயியல் மருத்துவர் வில்லி ஸ்டூவர்ட் அவருடைய மூளையை மறுபடியும் ஆராய்ந்து, குத்துச்சண்டை வீரர்களிடம் காணப்படும் அதே நோய், அதாவது சி.டி.இ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் நாள்பட்ட மூளைக்காயச் சிதைவு, அதில் இருப்பதைக் கண்டார். 1966இல் உலகக் கோப்பையை வென்ற இங்கிலாந்து அணியில் ரே வில்சன், மார்ட்டின் பீட்டர்ஸ், நாபி ஸ்டைல்ஸ், சார்ல்டன் சகோதரர்கள் இருவர் என ஐந்து பேர் பின்னாளில் மறதிநோய்க்கு ஆளானார்கள் என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது.

தனி மனிதர்களின் கதைகளை விட்டு எண்ணிக்கைக்கு வருவோம். ஸ்டூவர்ட்டின் குழு 2019இல் வெளியிட்ட ஆய்வு, ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறை வீரர்கள் 7,676 பேரை, அவர்களோடு வயதிலும் வாழ்நிலையிலும் ஒத்த பொதுமக்கள் 23,028 பேருடன் ஒப்பிட்டது. மறதிநோய், பார்க்கின்சன் நோய் போன்ற மூளைச் சிதைவு நோய் முதன்மைக் காரணமாகக் குறிக்கப்பட்ட இறப்புகள் வீரர்களிடம் 1.7 விழுக்காடும் பொதுமக்களிடம் 0.5 விழுக்காடும் இருந்தன. ஏறத்தாழ மூன்றரை மடங்கு. அதே வீரர்கள் இதய நோயாலும் நுரையீரல் புற்றுநோயாலும் இறப்பது மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. அப்படியானால் நீண்ட நாள் வாழ்வதால்தான் மறதிநோய் வருகிறதோ என்று கேட்கலாம். பிற நோய்களால் நேரும் இறப்பையும் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் அந்த மடங்கைக் கணித்தார்கள்.

உங்கள் தந்தையைப் பொறுத்தவரை 2021இல் வந்த தொடர்ச்சிதான் முக்கியமானது. அதே வீரர்களை ஆடிய இடம் வாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, பின்காவல் வீரர்களுக்கு அபாயம் ஏறக்குறைய ஐந்து மடங்காக இருந்தது. கோல்கீப்பர்களுக்கு அது பொதுமக்களைவிடத் தெளிவாக அதிகம் என்று சொல்ல முடியாத அளவிலேயே நின்றது. ஐந்து ஆண்டுகளுக்கும் குறைவாக ஆடியவர்களைவிட, பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆடியவர்களிடம் அபாயம் இரு மடங்குக்கும் கூடுதலாக இருந்தது. ஒரே மைதானம், ஒரே உணவு, ஒரே பயிற்சி, ஒரே பயணம் என்று எல்லாவற்றையும் பகிர்ந்துகொள்ளும் கோல்கீப்பருக்கும் ஸ்டாப்பருக்கும் இடையே மாறுவது என்ன என்று யோசித்தால், தலை பந்தைச் சந்திக்கும் எண்ணிக்கைதான் முதலில் கண்ணில் படுகிறது.

மூளையில் நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். மண்டையோட்டுக்குள் திரவத்தில் மிதக்கும் மூளை, தலை திடீரென்று அசையும்போது அதோடு சேர்ந்து உடனே நகர்வதில்லை. சற்றுப் பின்தங்கி, முறுகி, பிறகு இழுபடுகிறது. அந்த முறுக்கலில் நரம்பிழைகள் நீள்கின்றன. அவற்றின் உள்ளே சட்டகத்தைக் கட்டிப்பிடித்து நிற்கும் டாவ் என்ற புரதம் கழன்று, உருமாறி, கட்டியாகத் திரள்கிறது. சி.டி.இ. நோயில் இந்தத் திரட்சி மூளை மடிப்புகளின் ஆழத்தில், சிறு இரத்தக் குழாய்களைச் சுற்றித் தொடங்குவதுதான் அதன் தனி அடையாளம். மயக்கம் போடும் அளவுக்கு அடி விழ வேண்டும் என்பதில்லை. உணராமல் போகும் சிறு அதிர்வுகள் ஆயிரக்கணக்கில் சேர்வதே போதுமானது என்பதுதான் இன்று வலுப்பெற்றுவரும் கருத்து. இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை: சி.டி.இ. இருப்பதை உறுதியாகச் சொல்வது இறப்புக்குப் பின் மூளையை ஆராயும்போதுதான் இயலும். எனவே உங்கள் தந்தைக்கு அதுதான் என்று எந்த மருத்துவர் இன்று அடித்துச் சொன்னாலும் நம்பிவிடாதீர்கள்.

சித்தப்பாவின் கருத்துக்கும் ஒரு வரி எழுதிவிடுகிறேன். நம் இரு மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி என்பது உண்மை, லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டும்போது பல் கறையாவதும், நீண்ட காலத்தில் எலும்பு இறுகுவதும் நாம் ஊர் ஊராகப் பார்த்தவை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதனால்தான். ஆனால், முதுமையில் வரும் மறதிநோய்க்கு அதுதான் காரணம் என்று காட்டும் வலுவான சான்று இல்லை. மேலும் உங்கள் தந்தை பணிக்காலம் முழுவதும் பெங்களூருவில் இருந்தவர்.

பதில் 2: பழைய லெஃப்ட் ஹாஃப், ஓசூர்

தம்பி, உங்கள் அப்பாவை ஆட்டத்தில் நான் எதிர்கொண்டிருக்கவும் கூடும். அந்தக் காலத்தில் பெங்களூரு நிறுவன அணிகளில் பாதிப் பேர் தமிழர்கள்தான், கோலார் தங்கவயலிலிருந்தும் நம் பக்கத்திலிருந்தும் வந்தவர்கள். ஆசிரியர் ஐயா எண்களைச் சொல்லிவிட்டார். ஆடியவன் என்ற முறையில் சில விவரங்களைச் சேர்க்கிறேன்.

நாங்கள் பழகிய தோல் பந்து உலர்ந்திருக்கும்போது இன்றைய பந்தைப் போலவே 410 முதல் 450 கிராம் எடைதான். ஆனால், ஆகஸ்டு மழையில் அரை மணி நேரம் உருண்டால் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கல்லாகிவிடும். வாயை நாடாவால் கட்டிய பழைய பந்துகளும் பயிற்சிக்கு மிச்சம் இருந்தன. அந்த முடிச்சு நெற்றியில் பட்டால் இரண்டு நாள் வீங்கியிருக்கும். ஸ்டாப்பராக ஆடியவர்களை மைதானத்தின் நடுவில் நிறுத்தி, கோல்கீப்பர் உதைக்கும் பந்தை ஒரு காலையில் ஐம்பது, அறுபது முறை தலையால் திருப்பி அனுப்ப வைப்பார்கள். ஆட்ட நாளில் முட்டியது கொஞ்சம்தான். கணக்கு ஏறியது முழுவதும் பயிற்சியில்தான். என் கருத்தில் குற்றவாளி அந்தப் பயிற்சிமுறைதான், ஆட்டம் அல்ல.

பந்து மட்டுமே தலையில் பட்டது என்றும் எண்ணிவிடக் கூடாது. தலையோடு தலை மோதுவது, முழங்கை கன்னப்பொட்டில் இறங்குவது, கம்பத்தில் இடிப்பது எல்லாம் உண்டு. ஒருவன் மயங்கி விழுந்தால் ஈரக் கடற்பஞ்சைப் பிழிந்து முகத்தில் தேய்த்து, “இது எத்தனை?” என்று இரண்டு விரலைக் காட்டுவார்கள். சரியாகச் சொன்னால் மறுபடியும் களத்தில் இறங்க வேண்டியதுதான். அன்றைய ஸ்கோர் என்ன என்று ஆட்டம் முடிந்த பிறகு எங்களிடமே கேட்டவர்களை எனக்குத் தெரியும். நாங்கள் அதை வேடிக்கையாக நினைத்துச் சிரித்தோம். மூளையதிர்ச்சி அடைந்தவரை வெளியே எடுத்துவிட்டுக் கூடுதலாக ஒரு மாற்று வீரரை இறக்கலாம் என்ற ஏற்பாடு 2021இல்தான் சோதனைக்கு வந்தது, 2024இல்தான் ஆட்ட விதிகளில் இடம்பெற்றது என்பதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வென்றாலும் தோற்றாலும் குடித்தோம். பலர் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு விளையாட்டு ஒதுக்கீட்டை நம்பி வந்தவர்கள். அவற்றுக்கும் இந்த நோயில் பங்கு உண்டு என்கிறார்களே, அது உண்மையா என்று அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

உங்கள் அப்பா ஆடிய ஆண்டுகளை வரிசையாக எழுதி, எந்த ஆண்டில் எந்த இடத்தில் ஆடினார், எத்தனை முறை நினைவிழந்தார், எப்போது தையல் போட்டார் என்று வீட்டாரிடமும் பழைய நண்பர்களிடமும் கேட்டுக் குறித்து வையுங்கள். மருத்துவர் கேட்கும்போது அவருக்கே அது நினைவிருக்காது.

பதில் 3: புள்ளியியல் மாணவி, ஊத்தங்கரை

ஆசிரியர் ஐயா தந்த எண்கள் சரியானவைதாம். ஆனால், அவற்றை மட்டும் படிப்பவர் அஞ்சிவிடக்கூடும் என்பதால் மறுபக்கத்தையும் எழுதுகிறேன். சுவீடனில் 1924 முதல் 2019 வரை முதல்நிலைக் கழகங்களில் ஆடிய 6,007 வீரர்களை 56,168 பொதுமக்களுடன் ஒப்பிட்ட ஆய்வு 2023இல் வெளிவந்தது. அதில் மூளைச் சிதைவு நோய்கள் வீரர்களிடம் 8.9 விழுக்காட்டினருக்கும் மற்றவர்களிடம் 6.2 விழுக்காட்டினருக்கும் இருந்தன. அதாவது ஏறத்தாழ ஒன்றரை மடங்கு, மூன்றரை மடங்கு அல்ல. ஸ்காட்லாந்தில் நான்கு மடங்காகத் தெரிந்த இயக்க நரம்பணு நோய் (தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் சிதையும் நோய்) சுவீடனில் அதிகமாக இருக்கவில்லை. பார்க்கின்சன் நோய் குறைவாகவே இருந்தது. இருப்பினும் கோல்கீப்பர்களுக்குக் கூடுதல் அபாயம் இல்லை என்ற ஒரு முடிவில் இரண்டு நாடுகளும் ஒத்துப்போகின்றன. தலையால் முட்டுவதன் மீது எனக்கும் சந்தேகம் வலுவாக இருப்பது அந்த ஒற்றுமையால்தான்.

லெஃப்ட் ஹாஃப் ஐயா சொன்ன நனைந்த தோல் பந்தைப் பற்றி ஒரு சிறு மறுப்பு. ஸ்காட்லாந்து ஆய்வில் 1910 முதல் 1969 வரை பிறந்த வீரர்களைக் காலவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, அபாயத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. இன்றைய பந்து நீரை உறிஞ்சுவதில்லை என்றாலும் கூடுதல் வேகத்தில் வருகிறது. பழைய பந்து போய்விட்டதால் ஆபத்தும் போய்விட்டது என்று யாரும் எண்ணிவிட வேண்டாம்.

இந்த ஆய்வுகள் எல்லாமே ஐரோப்பிய உயர்நிலை ஆண் வீரர்களைப் பற்றியவை. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற நம் அணியின் பி.கே.பானர்ஜி 2020இல் காலமானபோது, அவருக்கு மறதிநோயும் பார்க்கின்சன் நோயும் இருந்ததாக நாளிதழ்கள் எழுதின. அதை வைத்துக்கொண்டு காரணம் பந்துதான் என்று எவரும் முடிவுகட்டிவிட முடியாது. இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு மறதிநோய் இருப்பதாகத் தேசிய அளவிலான கணிப்பு கூறுகிறது. அவர்களில் பெரும்பாலோர் கால்பந்தைத் தொட்டிருக்கவே மாட்டார்கள்.

குடியையும் படிப்பையும் பற்றி ஐயா கேட்டதற்கு: ஆம், இரண்டுக்கும் பங்கு உண்டு. லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024இல் வெளியிட்ட அறிக்கை, மாற்றத்தக்க அபாயக் காரணிகள் பதினான்கை எண்ணிக் காட்டியது. குறைந்த கல்வி, கேட்புத்திறன் குறைவு, உயர் இரத்த அழுத்தம், சர்க்கரை நோய், மிகுதியான மது, தனிமை ஆகியவற்றோடு தலைக்காயமும் அந்தப் பட்டியலில் நிற்கிறது. இவை ஒன்றையொன்று விலக்குபவை அல்ல. அக்கா சொன்னதும் நண்பர் சொன்னதும் ஒரே மனிதரிடத்தில் ஒருசேர உண்மையாக இருக்க முடியும்.

பதில் 4: செவிலியர், பாலக்கோடு

அண்ணா, மேலே மூவர் எழுதியதும் அறிவுக்கு விருந்துதான். ஆனால், நீங்கள் இந்த வாரமே செய்ய வேண்டியதை யாரும் இன்னும் சொல்லவில்லை. பந்துதான் காரணம் என்று வீட்டில் முடிவு செய்துவிட்டால், குணமாக்கக்கூடிய காரணங்களைத் தேடாமலே இருந்துவிடும் ஆபத்து இருக்கிறது.

அப்பாவுக்குச் சர்க்கரை நோய் என்றீர்கள். பல ஆண்டுகளாக மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால், அது உடலில் வைட்டமின் பி12 அளவைக் குறைக்கும். கூடவே வயிற்றெரிச்சலுக்கு ஒமிப்ரசோல் போன்ற மாத்திரையும் நாள்தோறும் போட்டால் இன்னும் குறையும். பி12 குறைந்தால் மறதி, எரிச்சல், தள்ளாட்டம் மூன்றும் வரும். களியும் கீரையும் சத்தான உணவுதான். ஆனால் அவற்றில் பி12 கிடையாது. அந்த அளவையும் தைராய்டு சுரப்பையும் ஒரே இரத்த மாதிரியில் பார்த்துவிடலாம். அடுத்ததாக, தோப்பில் வழுக்கி விழுந்தாரா, மரக்கிளையில் இடித்துக்கொண்டாரா என்று கேளுங்கள். முதியவர்களுக்குச் சிறிய அடியில்கூட மூளை உறைக்குக் கீழே இரத்தம் வாரக்கணக்கில் மெல்லக் கசிந்து தேங்கும். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்களுக்கு இது எளிதில் நேரும். வயதாகிவிட்டது என்று விட்டுவைத்திருந்த ஒரு பெரியவருக்கு ஸ்கேனில் அது தெரிந்து, அறுவை சிகிச்சையில் வடித்தெடுத்த பிறகு, பேரன் பேத்திகளின் பெயரை அவர் வரிசையாகச் சொன்னதை நான் வார்டில் நின்று கேட்டிருக்கிறேன். தூக்கத்துக்கும் அரிப்புக்கும் சிறுநீர் அடக்கத்துக்கும் கடையில் வாங்கும் சில மாத்திரைகளும் குழப்பத்தை உண்டாக்கும் என்பதால், வீட்டில் இருக்கும் மாத்திரைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். காது மந்தமாக இருந்தால் கருவி வாங்கிக் கொடுங்கள். “மறந்துவிட்டார்” என்று நாம் நினைப்பதில் ஒரு பகுதி, அவர் கேட்காததாக இருக்கும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு இடத்திலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. முதல் பரிசோதனைகளை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகும் காரணம் தெளியாவிட்டால் மனநலத்துக்கும் நரம்பியலுக்குமான பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை நமக்குத் தொலைவில்லை. அவருடைய சட்டைப்பையில் முகவரியும் தொலைபேசி எண்ணும் எழுதிய அட்டையை இன்றே வைத்துவிடுங்கள். வழி தவறிய ஒருவர் மறுபடியும் தவறுவார். முதியோருக்கான 14567 என்ற உதவி எண்ணையும் வீட்டில் எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள்.

மகனைப் பற்றி: ஆட்டத்தை நிறுத்தாதீர்கள், முட்டுவதை நிறுத்துங்கள். பத்து வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைகளுக்கு அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு 2015இலேயே அதைத் தடுத்துவிட்டது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வட அயர்லாந்து மூன்றிலும் தொடக்கப்பள்ளி வயதுக் குழந்தைகளுக்கான பயிற்சியில் 2020இல் அதைக் கைவிட்டார்கள். உங்கள் மகனின் வயது அந்த வரம்பை ஒட்டித்தான் இருக்கிறது. பயிற்சியாளரிடம் இதைப் பணிவாகச் சொன்னால் கேட்பார்.

காவேரிப்பட்டணத்தான்:

இரண்டு வாரங்கள் கழித்து எழுதுகிறேன். பொறுமையாக விளக்கிய எல்லோருக்கும் நன்றி. பாலக்கோட்டுச் சகோதரி சொன்னபடியே முதலில் இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் எடுத்தோம். இரத்தக் கசிவு இல்லை. பி12 மிகவும் குறைவாக இருந்ததால் ஊசி தொடங்கியிருக்கிறார்கள். அப்பா பன்னிரண்டு ஆண்டுகளாக மெட்ஃபார்மின் எடுத்துக்கொண்டிருந்தார். எரிச்சல் ஓரளவு தணிந்திருக்கிறது, மறதியில் இன்னும் மாற்றம் இல்லை. ஸ்கேனில் மூளையில் வயதுக்கு மீறிய சுருக்கம் தெரிவதாகவும், ஊசிகள் முடிந்த பிறகு நிம்ஹான்ஸில் காட்டுவது நல்லது என்றும் மருத்துவர் சொன்னார். இரண்டு காரணங்களும் சேர்ந்திருக்கலாம் என்று மாணவி எழுதியதைத்தான் அவரும் வேறு சொற்களில் சொன்னார். சித்தப்பா மட்டும் இன்னும் தண்ணீரைத்தான் குறை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பள்ளிப் பயிற்சியாளர் நான் எதிர்பார்த்ததைவிட எளிதாக ஒப்புக்கொண்டார். சிறுவர்களுக்கு இனி கடினமான பந்தில் தலைப்பயிற்சி கிடையாது. நின்று தாவும் முறையை மட்டும் கடற்கரைப் பந்தில் பழக்குவதாகச் சொன்னார்.

லெஃப்ட் ஹாஃப் ஐயா கேட்டபடி ஆண்டுவாரியாக எழுத உட்கார்ந்தோம். அப்பாவால் 1974க்குப் பிறகு வரிசை சொல்ல முடியவில்லை, அம்மாதான் நிரப்பினார். திருமணமான ஆண்டில் ஓர் ஆட்டத்தில் எதிரணி வீரரின் தலையோடு மோதி விழுந்து, இரண்டாம் பாதியிலும் ஆடி, இரவு வீட்டுக்கு வந்து “இன்று ஆட்டம் உண்டா?” என்று அப்பா கேட்டாராம். இவ்வளவு நாளும் அம்மா அதை யாரிடமும் சொன்னதில்லை. அதையும் தேதியோடு எழுதிக்கொண்டேன்.